மூலிகைத் தேநீரும் தண்ணீர்க் கணக்கில் சேரும்

துளசித் தண்ணீர், சீரகத் தண்ணீர், சுக்குமல்லிக் காபி, ஆவாரம்பூத் தேநீர் எல்லாம் "கணக்கில் வராது, தண்ணீரைத் தனியாகத்தான் குடிக்கணும்" என்று ஒரு பேச்சு வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் குடும்பக் குழுவிலும் வந்தது. இதை நம்பி, வேண்டா வெறுப்பாகச் செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொள்ளும் வயதானவர்களைப் பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சேரும். தாராளமாகச் சேரும்.

நாலு துளசி இலையோ ஒரு சிட்டிகை சீரகமோ போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டினால், அந்த டம்ளரில் 99 விழுக்காட்டுக்கு மேல் இருப்பது தண்ணீர்தான். இலையின் சாறு இறங்கியதால் குடல் அதை உறிஞ்சாமல் விட்டுவிடாது. "டீ குடித்தால் சிறுநீராகப் போய்விடும், உடம்பில் தங்காது" என்பார்கள். அது காபியிலும் டீத்தூளிலும் இருக்கும், சிறுநீரைக் கூட்டும் காஃபீன் என்ற பொருளை நினைத்துச் சொல்லும் பேச்சு. துளசியிலும் சுக்கிலும் சீரகத்திலும் காஃபீனே கிடையாது. சரி, காஃபீன் உள்ள காபியின் கதை என்ன? இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தினமும் காபி குடித்துப் பழகிய 50 ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். மூன்று நாள் தினமும் நாலு கோப்பை காபி, இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர். உடம்பின் நீர்ச்சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். காபிக்கே இந்த நிலை என்றால் சீரகத் தண்ணீரைத் தள்ளிவைப்பதில் என்ன நியாயம்?

இந்தப் பயத்துக்கெல்லாம் அடிப்படை "தினம் எட்டு டம்ளர்" என்ற எண்தான். அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் 1945-இல் ஒரு வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு சுமார் இரண்டரை லிட்டர் போதும் என்று எழுதியது. அடுத்த வரியிலேயே, அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. முதல் வரி ஊர் ஊராகப் பரவியது, இரண்டாவது வரியை யாரும் சுமந்து போகவில்லை. இந்தக் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளரின் கருத்து. எட்டு டம்ளர் விதிக்கு ஆதாரம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்கவில்லை என்று 2002-இல் எழுதினார். பிறகு 2004-இல் அமெரிக்க இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் கொடுத்த அளவு ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இது தண்ணீர், காபி, டீ, பால், சாப்பாட்டில் உள்ள ஈரம் எல்லாம் சேர்ந்த கணக்கு. சாப்பாட்டில் இருந்து மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வரும் என்கிறார்கள். ரசம், மோர், கூழ் என்று சாப்பிடும் நம் வீடுகளில் அது இன்னும் கூடத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இந்த அளவெல்லாம் பற்றாது, அது வேறு விஷயம்.

கேரள ஓட்டல்களில் சாப்பிட்டிருந்தால் பார்த்திருப்பீர்கள். பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர் வெதுவெதுப்பாக மேசைக்கு வரும். அங்கே அதுதான் குடிதண்ணீர். அதற்கு மேல் தனியாக இன்னொரு டம்ளர் குடிக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

எனக்கு இதில் பெரிய கவலை வயதானவர்களைப் பற்றித்தான். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும், சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறையும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும், நாக்கு கேட்காது. மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று, சில சமயம் திடீர்க் குழப்பம்கூட இதனால் வரும். "பச்சைத் தண்ணி இறங்கமாட்டேங்குது" என்று சொல்லும் பாட்டி, இளஞ்சூட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்தால் ஒரு சொம்பு குடித்துவிடுவார். அதைப் போய்க் கணக்கில் வராது என்று சொல்லி அவர் கையில் இருந்து பிடுங்குவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

ஆனால் மூலிகை என்று பேர் போட்ட எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. உடம்பு இளைக்க என்று விற்கும் டீ பொட்டலங்களில் பலவற்றில் நிலாவாரை இலை இருக்கும். நம் திருநெல்வேலிப் பக்கம் விளைவதுதான், உலகச் சந்தையில் "டின்னவெல்லி சென்னா" என்றே பேர் வாங்கியது. மலச்சிக்கலுக்கு அளவாக, சில நாள் எடுத்தால் நல்ல மருந்து. அதையே தினசரி டீயாகக் குடித்தால் பேதியாகித் தண்ணீரும் பொட்டாசியமும் வெளியேறும். குறைகிற எடை பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் என்றுகூடத் தெரியாமல் சந்தோஷப்படுகிறார்கள். அதிமதுரமும் அப்படித்தான், நாள்தோறும் நிறையக் குடித்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். கருப்பட்டி தட்டிப்போட்ட சுக்குமல்லிக் காபி சர்க்கரை நோயாளிகளுக்கு ஆகாது, கருப்பட்டியும் சர்க்கரைதான். வயிற்றுப்போக்கு வந்தால் எந்தத் தேநீரும் போதாது, ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு புகுந்திருக்கிறது, அது ஆபத்து. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மில்லி என்று டாக்டர் வரம்பு போட்டிருப்பார். "இது கஷாயம்தானே, தண்ணீர் இல்லையே" என்று கூடுதலாக ஒரு டம்ளர் கொடுத்தால் அது உடம்பில் தேங்கி காலும் முகமும் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும். ரசமும் கணக்கு, கஞ்சியும் கணக்கு, கஷாயமும் கணக்கு. இதய பலவீனத்துக்கு நீர்க் கட்டுப்பாடு சொல்லப்பட்டவர்களுக்கும் இதேதான்.

கட்டுப்பாடு எதுவும் இல்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சீரகத் தண்ணீரையோ துளசித் தண்ணீரையோ காலையிலேயே ஃபிளாஸ்கில் ஊற்றி அவர்கள் கை எட்டும் இடத்தில் வையுங்கள். பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்குள் குடித்து முடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து, இருட்டில் எங்கே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் அவர்களில் பலர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.