தேய்மானம் தவிர

தம்பி: வாங்கப் போகிற பழைய காடிக்கு வாரண்டி, அக்கா. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. 5,800 வெள்ளி. இரண்டு வருடத்துக்குக் கவலையே இல்லை.

அக்கா: யாருக்கு?

தம்பி: எனக்குத்தான்.

அக்கா: சரி, மேலே சொல்.

தம்பி: காடி ஜம்மென்று இருக்கிறது. 2015ஆம் வருடத்து ஜெர்மன் காடி, 3,000 சிசி. தோல் இருக்கை. பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தனி ஏர்கோன். ஒரு பிரச்சினையும் வராது என்று விற்கிறவர் அரை மணி நேரம் சத்தியம் செய்தார்.

அக்கா: அப்புறம்?

தம்பி: அப்புறம் அரை மணி நேரம் வாரண்டியைப் பற்றிச் சொன்னார். கியர்பாக்ஸ் போனால் இவ்வளவு, ஏர் சஸ்பென்ஷன் போனால் அவ்வளவு, கம்ப்யூட்டர் போனால் வீட்டை விற்க வேண்டும் என்றார். கேட்கக் கேட்க வயிற்றைக் கலக்கிவிட்டது.

அக்கா: இரண்டு அரை மணி நேரமும் ஒரே ஆள்தானா?

தம்பி: ஒரே ஆள்தான். ஏன்?

அக்கா: நடுவில் தண்ணீராவது குடித்தானா என்று கேட்டேன்.

(அக்கா மலேசியாவில், பட்டர்வொர்த் வீட்டில், விரித்த செய்தித்தாளின் மேல் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஊரான பிறையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதுவது அவர் வேலை. வாரண்டிக் கம்பெனிகளுக்கு மனு நிரப்பி அனுப்புவதும், நிராகரித்து வரும் கடிதங்களைக் கோப்பில் குத்துவதும் அவரேதான். இதை மறந்துவிட்டுத்தான் தம்பி ஆலோசனை கேட்க வந்திருக்க வேண்டும்.)

தம்பி: இதில் நஷ்டத்துக்கே இடமில்லை, அக்கா. இரண்டு வருடத்தில் முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

அக்கா: இரண்டு வருடத்திலா?

தம்பி: ஆமாம்.

அக்கா: பரவாயில்லையே, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். எங்களிடம் ஒன்று போன தைப்பூசத்துக்கு வந்தது. அடுத்த தைப்பூசமும் முடிந்துவிட்டது, இன்னும் போகவில்லை.

தம்பி: எது போகவில்லை?

அக்கா: காடிதான். சாமான் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். வாரண்டிக்காரன் ஒப்புதல் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும். சாமான் வந்துவிட்டது.

தம்பி: ஐயோ, நான் பணத்தைச் சொல்கிறேன்.

அக்கா: எந்தப் பணம்?

தம்பி: அந்த 5,800. இரண்டு வருடத்தில் ஒன்றும் கெடாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்தானே? சீட்டுப் பணம் மாதிரி.

அக்கா: அப்படி யார் சொன்னது?

தம்பி: நான் கேட்டேன். அவர் சிரித்தார். ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா: அந்தத் தாளை இப்படிக் கொடு.

(முன்பக்கத்தில் ஒரு குடும்பம் காருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறது. பின்பக்கத்தில் வெள்ளைத் தாளில் இளஞ்சாம்பல் எழுத்து. படிக்க வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போடுகிறார்.)

அக்கா: "எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், ஏர்கோன் அனைத்தும் அடங்கும். தேய்மானம் தவிர."

தம்பி: அது பிரேக் பேட், வைப்பர் மாதிரி சில்லறைச் சாமானுக்காக.

அக்கா: வாட்டர் பம்ப், அடங்கும்.

தம்பி: பார்த்தாயா!

அக்கா: பம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஹோஸ், ரப்பர். தேய்மானம். கேஸ்கட், தேய்மானம். ஆயில் சீல், தேய்மானம். சஸ்பென்ஷன் புஷ், தேய்மானம்.

தம்பி: சரி, ஹோஸ் போனால் நானே மாற்றிக்கொள்கிறேன். என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது?

அக்கா: ஹோஸ் வெடித்தால் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் எஞ்சின் சூடேறும். ரொம்பச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

தம்பி: எஞ்சின்தான் அடங்குமே!

அக்கா: "அடங்காத பாகம் ஒன்றினால் அடங்கிய பாகத்துக்கு நேரும் சேதம் அடங்காது."

தம்பி: இது அநியாயம்.

அக்கா: அடுத்த வரியையும் கேள். சூடு ஏறுவதைப் பார்த்த பிறகும் ஓட்டினால் அது ஓட்டுநரின் கவனக்குறைவு. நீ பினாங்குப் பாலத்தின் மேல் போகிறாய் என்று வைத்துக்கொள். மொத்தம் 13.5 கிலோமீட்டர். நட்டநடுவில் சூடு ஏறுகிறது. என்ன செய்வாய்?

தம்பி: தீவுப் பக்கம் எப்படியாவது ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அக்கா: கவனக்குறைவு.

தம்பி: அங்கேயே நிறுத்திவிட்டால்?

அக்கா: நிறுத்தினால் வாரண்டி செல்லும். பின்னால் வரும் லாரிக்காரன் மட்டும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும்.

தம்பி: ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது அக்கா. அதற்காகத்தான் இந்தக் காடியே. மேடு பள்ளமே தெரியாது.

அக்கா: தெரியாதுதான். நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பை இருக்கிறது. பை ரப்பர். நம் ஊர் வெயிலில் வெடிப்பு விடும். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து பார்த்தால், முன்னங்காலை மடித்துப் படுத்த மாடு மாதிரி உன் காடி வாசலில் சாய்ந்து கிடக்கும்.

தம்பி: பை தேய்மானம். அதுதானே சொல்ல வருகிறாய்?

அக்கா: கற்றுக்கொண்டாய். பை ஒழுக ஒழுக, கம்ப்ரஸர் விடாமல் ஓடிக் காற்றை அடைத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் அதுவும் எரிந்துவிடும். கம்ப்ரஸர் வாரண்டியில் இருக்கிறது.

தம்பி: ஆனால் பையினால் கெட்டதால் கிடையாது.

அக்கா: நீயே அந்தக் கம்பெனியில் வேலைக்குப் போகலாம்.

தம்பி: கியர்பாக்ஸ்? அதற்காவது கொடுப்பார்களா?

அக்கா: கொடுப்பார்கள். முதலில் கழற்றிப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். கழற்றும் கூலி உன்னுடையது. கழற்றிய பிறகு அவர்கள் ஆள் வந்து பார்த்துத் தேய்மானம் என்று சொன்னால் மாட்டும் கூலியும் உன்னுடையது. அதோடு கியர் ஆயில் மாற்றிய ரசீது கேட்பார்கள். முந்தைய முதலாளி மாற்றினாரா?

தம்பி: அவருக்குக் காடி ஓட்ட மட்டும்தான் தெரியுமாம்.

அக்கா: சர்வீஸ் எங்கே செய்யச் சொல்கிறார்கள்?

தம்பி: 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, அவர்கள் சொல்கிற இடத்தில்தான். கிள்ளானில்.

அக்கா: கிள்ளானுக்குப் போய் வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நீ சர்வீஸுக்குப் போய் வந்தே அடுத்த சர்வீஸை நெருங்கிவிடுவாய். இந்தத் தாளில் காசு வாங்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். கெட்டுப்போகாத சாமானாகப் பார்த்து, வேறு எதையும் தொடாமல், அது மட்டும் தானாகக் கெட வேண்டும். அதுவும் கிள்ளான் பக்கத்தில்.

(இந்த இடத்தில் தம்பிக்கும் ஒரு நல்ல பதில் எழுதிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.)

தம்பி: அப்படியென்றால் வாரண்டியே மோசடி என்கிறாயா?

அக்கா: எல்லாவற்றையும் சொல்லவில்லை. காடி செய்த கம்பெனியே பழைய காடியைப் பிரித்துப் பார்த்து, சரிசெய்து, தன் ஷோரூமில் வைத்து விற்கும்போது தருகிற வாரண்டி வேறு. ஆனால் அதற்கு வயது வரம்பு இருக்கிறது. உன் காடி அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. ரோட் டாக்ஸ் எவ்வளவு?

தம்பி: 2,120 வெள்ளி.

அக்கா: இப்போது ஓட்டுகிற சின்னக் காடி, அந்த மைவிக்கு?

தம்பி: 90.

அக்கா: கடன்?

தம்பி: ஏழு வருடம்.

அக்கா: ஹோஸ் தேயும், பை தேயும், டயர் தேயும். கடன் ஒன்றுதான் அப்படியே நிற்கும்.

தம்பி: மாமா எங்கே அக்கா? அவரிடம் கேட்கலாம்.

அக்கா: முதுகு வலி என்று படுத்திருக்கிறார்.

தம்பி: தேய்மானமா?

அக்கா: கவனக்குறைவு. அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்காதே என்று சொன்னேன். காடி எந்த ஊரிலிருந்து வந்தது?

தம்பி: ஷா ஆலம். ஒரே முதலாளி. டாக்டர். 2022 ஜனவரியில் விற்றிருக்கிறார். அதற்குப் பிறகு கடையில்தான் நிற்கிறது, யாரும் ஓட்டவே இல்லை. மைலேஜ் ரொம்பக் குறைவு.

அக்கா: 2021 டிசம்பரில் ஷா ஆலமில் என்ன நடந்தது?

தம்பி: வெள்ளம். ஆனால் நான் அதையும் கேட்டுவிட்டேன். அவருடையது மாடி வீடாம்.

அக்கா: காடி எந்த மாடியில் நின்றது?

(தம்பி ஒரு நெத்திலியை எடுத்துத் தலை கிள்ளுகிறான். தலையைக் கிண்ணத்திலும் உடம்பைக் குப்பையிலும் போடுகிறான்.)

தம்பி: புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ் ஆகியிருக்கிறதே.

அக்கா: சேசிஸ் நம்பர் சரியா, பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, கண்ணாடி இருட்டா என்று பார்ப்பார்கள். கம்பளத்தைத் தூக்கி அடியில் சேறு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. உன் தாளில் ஒன்பதாவது வரி: "வெள்ள நீரினால் நேர்ந்த சேதம் அடங்காது."

தம்பி: வாங்கிய பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால்?

அக்கா: பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி கட்டணம். வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

தம்பி: வெறும் 5 வெள்ளியா? இந்த 5,800ஐ விட அதுவே நல்ல வாரண்டியாக இருக்கிறதே!

அக்கா: காடி என்ன விலை?

தம்பி: 78,000. அப்படியென்றால் மீதி 28,000?

அக்கா: தேய்மானம்.

தம்பி: சரி அக்கா, ஒன்று செய்யலாம். உங்கள் போமனிடம், அந்த மெக்கானிக் அண்ணனிடம், ஒரு தடவை காட்டிவிடலாம்.

அக்கா: இதை நீ வாசலிலேயே சொல்லியிருந்தால் இந்நேரம் நெத்திலி முடிந்திருக்கும். 300 வெள்ளி. லிஃப்டில் ஏற்றி, அடியைப் பார்த்து, கம்ப்யூட்டர் போட்டு, ஓட்டியும் பார்ப்பார்.

தம்பி: முந்நூறா! சும்மா பார்க்கத்தானே போகிறார்? ஒன்றும் மாற்றப் போவதில்லையே. தெரிந்த மனிதர்தானே லா, ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால்...

அக்கா: இதோ, இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத ஒருவன் ஒரு தாளைக் காட்டி 5,800 கேட்டால் பேனா எங்கே என்று தேடுகிறாய். இருபது வருடமாகக் காடிக்கு அடியில் படுத்துக் கிடக்கிற மனிதன், வாங்காதே என்று சொல்ல 300 கேட்டால் உனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் கவுண்டரில் தினமும் இதே கதைதான். "அண்ணே, ஒரு சத்தம் வருகிறது, சும்மா பார்த்துச் சொல்லுங்கள்." அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, ஓட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டுச் சொல்வார். நன்றி அண்ணே என்று போய்விடுவார்கள். ஸ்பேனரைத் தொட்டால்தான் வேலை. முப்பது நொடியில் கண்டுபிடித்தால் "இதற்கா காசு?" அந்த முப்பது நொடிக்கு அவர் எத்தனை எஞ்சினைப் பிரித்திருக்கிறார் என்று ஒருவன் கேட்க மாட்டான். பயனீட்டாளர் சங்கம் இந்த ஊரில் அரை நூற்றாண்டாகத் தொண்டை கிழியக் கத்துகிறது, வாங்குவதற்கு முன்னால் பாருங்கள் என்று. பார்ப்பதற்குக் காசு கொடுக்க ஆள் இல்லை. பயத்துக்குக் காசு கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.

தம்பி: சரி சரி, கோபப்படாதே. 300 கொடுக்கிறேன். 250க்கு வர மாட்டாரா?

அக்கா: போனை எடு. காடியை நாளைக்குப் பிறைக்குக் கொண்டுவரச் சொல். கொண்டுவர முடியாது என்றால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்க்கலாமா என்று மட்டும் கேள்.

தம்பி: சீட் பெல்ட் எதற்கு?

அக்கா: காடியைக் கழுவுகிறவன் கண்ணில் படும் இடத்தையெல்லாம் கழுவிவிடுவான். பெல்ட் உள்ளே சுருண்டு கிடக்கும். அதன் அடி நுனியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

(தம்பி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறான். அதிக நேரம் ஆகவில்லை. திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.)

அக்கா: என்ன சொன்னான்?

தம்பி: காடியை வெளியே விட மாட்டாராம். இன்சூரன்ஸ் இல்லையாம்.

அக்கா: அப்புறம்?

தம்பி: அப்புறம் நீ சொன்ன மாதிரியே சீட் பெல்ட்டைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு என்ன சொன்னார் தெரியுமா? வாரண்டியை இலவசமாகவே தருகிறாராம்! எனக்குப் பேரம் பேசத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அக்கா!