அந்தப் பணிப்பெண்களின் பெயரையும் சொல்லுங்கள்

சனிக்கிழமை கூட்டத்திலிருந்து நான் ஏன் பாதியில் எழுந்து போனேன் என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சோவியத் நாட்டிலிருந்து விமானத்தைக் கடத்தித் தப்பியவர்களின் பெயர், ஊர், கனவு எல்லாம் பேச்சில் வந்தது. செத்துப்போன பெண் மட்டும் "ஒரு பணிப்பெண்". அதற்குப் பிறகு கைதட்டல் வேறு.

அவர் பெயர் நதேஷ்தா குர்ச்சென்கோ. வயது 19. 1970 அக்டோபர் 15 அன்று பத்தூமியிலிருந்து சுகுமிக்குக் கிளம்பிய, சோவியத் அரசின் ஏரோஃப்ளோட் விமானத்தில் வேலையில் இருந்தார். பிரானாஸ் பிரசின்ஸ்காஸ் என்ற லித்துவேனியரும் அவருடைய பதின்வயது மகனும் ஆயுதத்தோடு விமானி அறையை நோக்கி வந்தபோது வழியை மறித்தார். சுட்டுக் கொன்றார்கள். விமானம் துருக்கியின் திராப்சோனில் இறங்கியது. சோவியத் அரசு கேட்டும் துருக்கி அவர்களை ஒப்படைக்கவில்லை. கடைசியில் அப்பாவும் மகனும் கலிபோர்னியாவில் குடியேறினார்கள்.

"அப்படியானால் அந்த ஆட்சியை ஆதரிக்கிறீர்களா?" என்று உடனே கேட்பார்கள். இல்லை. வெளியேற அனுமதி கேட்டவர்களை வருஷக்கணக்கில் அலையவிட்ட ஆட்சி அது. அதே 1970 ஜூனில் லெனின்கிராடில், விமானத்தைக் கடத்தத் திட்டமிட்டு, அதில் ஏறும் முன்பே பிடிபட்டவர்களில் இரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் குறைத்தார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பூட்டி வைத்தது அரசு. ஆனால் குண்டு வாங்கியது அந்தப் பெண். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் என்ன கஷ்டம்?

இன்னொருவர் 1978 ஆகஸ்ட் சம்பவத்தை எடுத்துப் போட்டார். கிழக்கு ஜெர்மானியரான டெட்லெஃப் டீடே, க்டான்ஸ்க்கிலிருந்து கிழக்கு பெர்லினுக்குப் போன போலந்து விமானத்தை மேற்கு பெர்லினின் டெம்பெல்ஹோஃபில் இறக்க வைத்தார். கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி, யாரும் சாகவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை யார் மேல் வைத்தார்? ஒரு பணிப்பெண் மேல்தான். பொம்மை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பகுதி அப்போது அமெரிக்கக் கட்டுப்பாட்டில் இருந்ததால் பெர்லினில் அமெரிக்க நீதிமன்றம் விசாரித்தது; அப்போது உள்ளூர் மக்களே நடுவர்களாக உட்கார்ந்தார்கள். விமானக் கடத்தல் குற்றத்திலிருந்துகூட அவரை விடுவித்தார்கள். பிணைக்கைதியாகப் பிடித்த குற்றத்தை மட்டும் விடவில்லை. அவர்களுக்குப் புரிந்தது நம் அரங்கில் ஒருவருக்கும் புரியவில்லை.

என் அக்கா மகள் இந்த வேலையில்தான் இருக்கிறாள். "டீ கொடுக்கிற வேலைதானே" என்று சொந்தக்காரர்களே அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். விமானம் இறங்கும்போது அவள் பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தீப்பிடித்தால் எந்தக் கதவு, யாரை முதலில் வெளியேற்றுவது, என்ன கட்டளை கத்துவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும். நாம் அந்த நேரத்தில் செல்போனைத் தேடிக்கொண்டிருப்போம்.

"உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்றார் கூட்டத்தை நடத்தியவர். ஆமாம், படுகிறேன். 1988 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, ஒவெச்கின் என்ற இசைக் குடும்பம் டபுள் பாஸ் வாத்தியத்துக்குள் துப்பாக்கியை ஒளித்து, நாட்டை விட்டுத் தப்ப விமானம் ஏறியது. பின்லாந்து என்று அவர்களை நம்ப வைத்து, விமானத்தை சோவியத் ராணுவ விமானத் தளத்தில் அரசுத் தரப்பு இறக்க வைத்தது. ஏமாற்றியது தெரிந்ததும் அவர்கள் சுட்டது தமாரா ஷார்க்கயா என்ற பணிப்பெண்ணை. அப்புறம் உள்ளே புகுந்த போலீஸ் பயணிகளையே அடித்து நொறுக்கியது. மொத்தம் ஒன்பது சாவு. அந்த அரசும் பயணிகளைப் பற்றிக் கவலைப்படவில்லை, கடத்தியவர்களும் படவில்லை. எழுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற பேச்சாளரும் படவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அடுத்த மாதம் இதே தலைப்பில் இரண்டாம் பகுதி என்று அறிவித்திருக்கிறீர்கள். மேடையில் எனக்குப் பத்து நிமிடம் வேண்டும். தர முடியாது என்றால் அந்த இரண்டு பெயர்களையாவது நீங்களே சொல்லுங்கள்.