பிசாசு ஆட்டத்தில் ஒரு கங்காணி

நேற்று ராத்திரி ஒரு வீடியோவை நாலு தடவை பார்த்தேன். மெக்சிகோவின் பசிபிக் கரை. அகாபுல்கோவுக்குத் தென்கிழக்கே, குவெரேரோ, வஹாக்கா என்ற இரண்டு மாநிலங்களிலும் நீளும் கோஸ்தா சிக்கா. கறுப்பின மக்களின் ஊர்கள் நிறைய இருக்கிற பகுதி. அவர்களுடைய 'பிசாசுகளின் ஆட்டம்'.

குரூப்பில் பகிர்ந்ததும் முதல் கமெண்ட்: "அட, அசல் ஆப்பிரிக்கா!" அடுத்தது: "மெக்சிகோவில் ஏது கறுப்பர்கள்?" ஒன்று பாராட்டு, ஒன்று சந்தேகம். ஆனால் இரண்டும் ஒரே பேச்சுதான் என்பது என் கட்சி.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களை நினைக்கும் நாட்களில், அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும், தெருத்தெருவாக ஆடுவார்கள். கிழிசல் உடை, கொம்பு வைத்த முகமூடி, குதிரை மயிரில் தாடி. இரண்டு வரிசையாகக் குனிந்து நின்று தரையை மிதி மிதியென்று மிதிப்பார்கள். வாத்தியம் மூன்றே மூன்று. ஒன்று மவுத் ஆர்கன். இன்னொன்று கழுதை அல்லது குதிரையின் தாடை எலும்பு. காய்ந்து பல்லெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். முஷ்டியால் ஒரு குத்து விட்டால் கடகடவென்று நடுங்கும், குச்சியால் இழுத்தால் கரகரக்கும். மூன்றாவது 'போத்தே': குடுக்கையின் வாயில் தோலைக் கட்டி, தோலின் நடுவில் ஒரு குச்சியைப் பொருத்தி, மெழுகு தடவிய கையால் அதை உருவுவார்கள். அடிக்கிற மேளம் இல்லை, உறுமுகிற மேளம். புலிச் சத்தம் போடுவதால் 'திக்ரேரா' என்றும் பெயர்.

பிசாசுகளுக்கு நடுவே சாட்டையோடு ஒருவர் திரிவார். பாஞ்சோ, தெனாங்கோ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஆள் வேறு யாருமில்லை, மாட்டுப்பண்ணைக் கங்காணி! கூடவே அவர் மனைவி மிங்கா. வெள்ளைக்காரி முகமூடிக்குள் இருப்பது ஆண். இடுப்பை ஆட்டிக்கொண்டு, கையில் பொம்மைக் குழந்தையோடு கூட்டத்துக்குள் புகுந்து வம்பிழுப்பாள். கங்காணி சாட்டையைச் சுழற்றிக்கொண்டு பின்னால் ஓடி வருவார்.

ஸ்பானியர் ஆட்சியில் இந்தக் கரையெல்லாம் மாட்டுப்பண்ணை. வேலை செய்தவர்களில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏராளம். முதுகில் சாட்டை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் சாட்டைக்காரனைக் கோமாளியாக்கித் தெருவில் ஓடவிடுகிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். இதை 'அசல் ஆப்பிரிக்கா' என்று சொன்னால் அந்தப் பண்ணையே காணாமல் போய்விடுகிறது. மவுத் ஆர்கன் ஐரோப்பாவில் பிறந்தது. அதே ஊர்களில் கைக்குட்டை வீசி ஆடும் 'சிலேனா' 19ஆம் நூற்றாண்டில் சிலி நாட்டு மாலுமிகளோடு கப்பலேறி வந்தது. இதே கரையிலுள்ள சான் நிக்கோலாஸ் என்ற ஊரில் ஒரே மரத்தைக் குடைந்து, முனையில் மிருகத் தலை செதுக்கிய 'ஆர்தேசா' என்ற மரத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் வெறுங்காலோடு ஆடுவார்கள். பக்கத்தில் வயலின்! இந்தக் கலவை வேறெங்கே கிடைக்கும்?

இரண்டாவது கமெண்டுக்கு வருகிறேன். இந்த ஊர்க்காரர்கள் வெளியூர் போனால், வெளிநாட்டவர் என்று சந்தேகப்பட்டு, தேசிய கீதத்தைப் பாடிக் காட்டச் சொல்கிறார்கள் அதிகாரிகள். பலர் சொல்லியிருக்கிற அனுபவம் இது. 1829இல் மெக்சிகோவில் அடிமை முறையை ஒழித்த ஜனாதிபதி விசென்தே குவெரேரோ ஆப்பிரிக்க வம்சாவளி. குவெரேரோ மாநிலத்துக்கே அவர் பெயர்தான். ஆனாலும் இம்மக்களை அரசியல் சட்டத்தில் சேர்க்க 2019 ஆயிற்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் 'நீங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியா?' என்று முறையாகக் கேட்டார்கள். 25 லட்சத்துக்கு மேல், நாட்டில் 2 சதவீதம் பேர், ஆமாம் என்றார்கள்.

"இது ஆப்பிரிக்கா" என்பவரும் "பாட்டைப் பாடு" என்பவரும் அவர்களை நிறுத்துவது ஒரே இடத்தில்: வாசலுக்கு வெளியே. முதலாமவர் கைதட்டிக்கொண்டு நிறுத்துகிறார், அவ்வளவுதான்.

நாலு தடவை பார்த்ததற்குக் காரணம் கடைசிப் பத்து விநாடி. மிங்கா நேராக வந்து, வீடியோ எடுப்பவரிடமே பிள்ளையை நீட்டுகிறாள். போன் குலுங்குகிறது. பக்கத்தில் ஒரு கிழவி வெடித்துச் சிரிக்கிறார். பொம்மையின் கால் மட்டும் திரையில் தெரிய, வீடியோ நின்றுவிடுகிறது.