விளக்கே எரியவில்லை என்கிறேன், தண்டவாளத்தைத் துடைக்கச் சொல்கிறார்கள்

உத்தரவாதம் ரத்தாம். இன்று காலை நிறுவனத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. காரணம், “அங்கீகரிக்கப்படாத மின்சாரத்தை” என் மாதிரி ரயிலை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டேனாம். அப்படிக் கொடுத்துப் பார்த்ததால்தான் கோளாறு எதில் என்றே தெரிந்தது. அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையை நான் செய்தேன். அதற்குத் தண்டனை எனக்கு!

ஜூலை 1 மாலை இது நடந்தது. 1856-இல் அதே நாளில்தான் நம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூரில் எங்கள் மாடி அறையில், எட்டடிக்கு நாலடிப் பலகையில், இராயபுரம் நிலையத்தை 87-இல் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருக்கிறேன். முகப்புத் தூண்கள் ஒவ்வொன்றும் அட்டையில் சுருட்டி ஒட்டியவை. ஆண்டுதோறும் அன்று தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வண்டி விடுவது வழக்கம். ஒன்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒருத்தி பச்சைக் கைக்குட்டையைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு, நான் தலையசைப்பதற்காகக் காத்து நின்றாள். பொத்தானை அழுத்தினேன். பெட்டியில் விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினேன். கட்டைபோலக் கிடந்தது.

சேவை எண்ணைக் கூப்பிட்டேன். நாற்பத்தேழு நிமிடம்.

“சுவிட்சைப் போட்டீர்களா சார்?” போட்டேன். “அந்தப் பிளக்கில் வேறு எதையாவது மாட்டிப் பாருங்கள் சார்.” மேசை விளக்கை மாட்டினேன், எரிந்தது. “பெட்டியைக் கழற்றி முப்பது விநாடி கழித்து மாட்டுங்கள் சார்.” பிள்ளைகளே சேர்ந்து முப்பது வரை சத்தமாக எண்ணினார்கள். மாட்டினேன். இல்லை. “எஞ்சின் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா சார்?”

இங்கேதான் எனக்குத் தலைக்கு ஏறியது. தண்டவாளத்தில் ஷார்ட் ஆனால் இந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். கையேட்டிலேயே படம் போட்டிருக்கிறார்கள். எந்த விளக்கும் எரியாவிட்டால் பெட்டிக்கே மின்சாரம் வரவில்லை என்று பொருள். அதிலும் நான் தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஏற்கெனவே கழற்றிவிட்டேன். அதை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் “சரி சார்” என்று கேட்டுக்கொண்டு, “தண்டவாளத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தீர்களா?” என்று தொடங்கினால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது இன்னும் கொடுமை. மல்டிமீட்டரை டி.சி.யில், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் நிலையில், வைத்துத் தண்டவாளத்தில் அளந்து சொல்ல வேண்டுமாம். இந்தப் பெட்டியின் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுகிறது. அந்தத் துடிப்புகளின் நீளத்தில்தான் எஞ்சினுக்கான கட்டளையே இருக்கிறது. நன்றாக ஓடும் அமைப்பிலும் டி.சி.யில் அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். இது தெரியாத ஒருவரை இந்தப் பொருளுக்குப் பதில் சொல்ல உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்து, இதற்கு மேல் பேசாதே என்று உட்கார வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

கடைசியாக அடாப்டரின் முனையை அளக்கச் சொன்னார்கள். 15.02 வோல்ட். “அப்படியானால் அடாப்டர் நன்றாக இருக்கிறது சார்.”

இல்லை ஐயா, இல்லை! சுமை ஏற்றாமல், அதாவது அதில் எதையும் இணைத்து எரிய விடாமல், அளந்த வோல்ட்டை நம்பக் கூடாது. அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ரயில் பெட்டி விளக்குகளைப் பழுது பார்த்தவர். அச்சிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து டைனமோ, பிறகு பேட்டரி, ஃபியூஸ், கடைசியில்தான் பல்பு என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து போய்ப் பார், நடுவில் குதிக்காதே என்பார். அதைத்தான் செய்தேன். ஆட்டோ நிறுத்தத்து மெக்கானிக் அண்ணனிடம் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று வாங்கி வந்து அடாப்டரில் இணைத்தேன். இழை சிவந்தது, அணைந்தது. மறுபடி சிவந்தது, அணைந்தது. மீட்டரில் 15.02 என்று நின்ற எண் 1.8-க்கு விழுந்தது, ஏறியது, விழுந்தது. உள்ளிருந்து மெல்லிய டிக், டிக் சத்தம். ஒரு சின்ன பல்பைக்கூட அதனால் தாங்க முடியவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ஸிலிருந்த 12 வோல்ட் பேட்டரியை எடுத்தேன். நடுவில் 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, பிளஸ் மைனஸ் பார்த்து, பெட்டியில் கொடுத்தேன். பெட்டிக்கு 12 முதல் 18 வோல்ட் வரை கொடுக்கலாம் என்று அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. விளக்கு எரிந்தது! ஒயரை மாட்டினேன், 3-ஆம் எண் எஞ்சின் நகர்ந்தது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை, அடாப்டர்தான் போய்விட்டது. இதை அளவுகளோடும் படங்களோடும் எழுதி அனுப்பினேன். அதற்குத்தான் இன்று காலை அந்தப் பதில்.

சரி, அடாப்டரை மட்டும் விலைக்குக் கொடுங்கள் என்றேன். தனியாக விற்பதில்லையாம். முழுப் பெட்டியையும் காசு கட்டி அனுப்ப வேண்டும், ஆறு வாரம் ஆகும். அடாப்டருக்குள்ளே பெரும்பாலும் கெபாசிட்டர் என்ற சின்ன உதிரி ஒன்றுதான் உப்பியிருக்கும். தெருமுனை ரேடியோ கடைக்காரர் அரை மணியில் மாற்றித் தருவார். ஆனால் திறப்பதற்கு ஒரு திருகாணிகூட வைக்கவில்லை. சுற்றிலும் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். திறக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருளை நான் திறந்து பார்க்கக் கூடாது, வேறு மின்சாரம் கொடுத்துப் பார்க்கக் கூடாது, ஆனால் தண்டவாளத்தை மட்டும் நாள் முழுவதும் துடைத்துக்கொண்டே இருக்கலாம்!

நேற்று மாலை பேட்டரியிலேயே வண்டி விட்டேன். ஒன்பது பேரும் வந்தார்கள். பச்சைக் கைக்குட்டைக்காரி நான் தலையசைக்கும் முன்பே கொடி காட்டிவிட்டாள். எஞ்சின் இராயபுரத்தை விட்டுக் கிளம்பியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்ததில் யாருடைய முழங்கையோ பட்டு முகப்புத் தூண் ஒன்று சாய்ந்தது. பரவாயில்லை, ஒட்டிவிடலாம் என்று போன வாரம்தான் வாங்கிய பசைக் குழாயை எடுத்தேன். மூடியைத் திறக்கவே இடுக்கி தேவைப்பட்டது. திறந்தால் வாய் முழுவதும் இறுகிக் கல்லாகக் கிடக்கிறது. ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை ஐயா, புதுக் குழாய்!