வாய் திறக்கவில்லை என்றால் பல் மட்டுமே காரணம் இல்லை

நாய் சாப்பிட மறுத்தால் முதலில் பல்லைப் பாருங்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் மெல்லும் தசையில் வரும் அழற்சியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எங்கள் லேப்ரடாருக்கு நாலு வயதில் அதுதான் வந்தது. பந்தை மூக்கால் உருட்டிக்கொண்டே நிற்பான், கவ்வ வாய் திறக்காது, கொட்டாவி வந்தால் பாதியிலேயே முனகுவான். பல் வலி என்று நினைத்து இரண்டு வாரத்தை வீணாக்கிவிட்டோம்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே மெல்லும் தசைகளில் மட்டும் இருக்கும் 2எம் என்ற தனி வகைத் தசை நார்களைத் தாக்குகிறது. கால் தசைகளில் அந்த வகை இல்லாததால் நடை, ஓட்டம் எல்லாம் நன்றாகவே இருக்கும், அதனால்தான் ஏமாந்து போகிறோம். இதற்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை உண்டு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பிக்கும் முன்பே ரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள். நெற்றிப்பொட்டில் பள்ளம் விழும்வரை காத்திருந்தால் தசை இறுகித் தழும்பு போல ஆகிவிடும், அப்புறம் வாய் முழுசாகத் திறப்பது கஷ்டம். தயவுசெய்து வாயைப் பிடித்து இழுத்துத் திறக்காதீர்கள், தாடையே உடையலாம்.

இவனுக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மாதக்கணக்கில் கொடுத்து மெதுவாகக் குறைத்தோம். அதுவரை கரைத்த சோற்றை நக்கித்தான் சாப்பிட்டான்.