தெருவில் விடும் ரோபோ கொஞ்சம் ஏமாளியாகவே இருக்கட்டும்

மால்களிலும் நகர விழாக்களிலும் 'இன்டராக்டிவ் ரோபோ' என்று ஏதாவது வைக்கிறார்களே, கையை ஆட்டினால் விளக்கு எரியும், முன்னால் போய் நின்றால் ஒரு இரும்புக் கை திரும்பிப் பார்க்கும், எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். சென்சார் வைத்த தானியங்கிக் கதவும் இதைத்தானே செய்கிறது?

2009 வாக்கில் நியூயார்க்கில் கேசி கின்சர் என்ற மாணவி செய்த ட்வீன்பாட் என்ற குட்டி ரோபோவைப் பாருங்கள். அட்டையில் உடம்பு, சிரித்த முகம், ஒரே வேகத்தில் நேராகப் போக மட்டும் தெரியும், திரும்பத் தெரியாது. போகவேண்டிய இடத்தை எழுதி, உதவி கேட்டு ஒரு கொடி. அவ்வளவுதான். வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவின் ஒரு மூலையில் இறக்கிவிட்டார். எதிலாவது முட்டிக்கொண்டு நிற்கும், யாராவது குனிந்து திருப்பிவிடுவார்கள், இப்படியே 42 நிமிடத்தில் மறுமூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உதவியது 29 பேர். ஒருவர் அதை வந்த வழியே திருப்பிவிட்டு, அந்தப் பக்கம் போகாதே, ரோடு இருக்கு என்று அதனிடமே சொல்லியிருக்கிறார். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஊர் என்று பெயர் வாங்கிய நியூயார்க்கில்!

சரி, ஹிட்ச்பாட்டை உடைத்தார்களே என்பீர்கள். பிளாஸ்டிக் வாளி உடம்போடு ரோட்டோரம் உட்கார்ந்து லிஃப்ட் கேட்ட ரோபோ. நடக்கத் தெரியாது, பேச மட்டும் தெரியும். 2014-இல் கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்குவரை முன்பின் தெரியாதவர்களின் கார்களிலேயே கடந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பயணத்தில், பிலடெல்பியாவில் யாரோ கையைப் பிய்த்து, தலையையும் கழற்றிவிட்டார்கள். உடனே 'மனிதர்களே இப்படித்தான்' என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். அதுவரை ஏற்றிக்கொண்டு போனவர்களெல்லாம் யாராம்? உடைக்க முடியாதபடி இரும்பில் செய்து, பக்கத்தில் ஒரு செக்யூரிட்டியையும் நிறுத்தியிருந்தால் அதற்கு எவன் லிஃப்ட் கொடுத்திருப்பான்?

பலவீனமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, வந்தவரிடம் அது ஏதாவது கேட்கவேண்டும். 1970-இல் எட்வர்ட் இனாட்டோவிச் என்ற சிற்பி நெதர்லாந்தின் ஐந்தோவனில் ஒரு கண்காட்சி அரங்கில் வைத்த சென்ஸ்டர், இரும்புக் குழாய்களால் ஆன பிரம்மாண்டமான உருவம். மெல்லப் பேசினால் தலையை அருகே கொண்டுவரும், கத்தினால் விலகிக்கொள்ளும். பொறுமை இருப்பவரிடம்தான் அது வரும். இன்றைய ஏஐ எல்லாம் இல்லாத காலத்தில் இதை யோசித்திருக்கிறார். நம் விழாக் கமிட்டிகளோ இன்னும் எத்தனை எல்இடி என்றுதான் கேட்கின்றன.