அந்த சிடியில் இசையும் இருந்தது

அண்ணன் பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய கேம் சிடியை, இரண்டு ராத்திரி உட்கார்ந்து என் புது லேப்டாப்பில் ஓட வைத்துவிட்டேன். 1990களின் பிற்பகுதியில் வந்த கேம். ஒரு கேமுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று யோசித்ததில் மனதில் தங்கியதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதல் தடங்கல் செட்டப்பிலேயே. தட்டியதும், இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரு செய்தி வந்து நின்றது. கேமே போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால் கேம் 32-பிட், நன்றாகவே இருக்கிறது. அதை இன்ஸ்டால் செய்யும் செட்டப் மட்டும், அதற்கும் முந்தைய தலைமுறைக் கணினிக்கான 16-பிட். விண்டோஸ் 95 காலத்துக் கேம்கள் பலவும் இப்படித்தான் வந்தன. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே கிடையாது. வைன்விடிஎம் என்றொரு சின்னக் கருவி அந்தக் குறையைத் தீர்க்கிறது. செட்டப் ஓடியது.

அப்புறம் கேம் திறந்தது. ஆனால் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தது, மெனுவில் எழுத்துகள் விட்டுவிட்டு மின்னின. அந்தக் காலக் கேம்கள், திரையில் வரைய விண்டோஸ் தந்த டைரக்ட்டிரா என்ற பகுதி வழியாக 256 நிறங்களில் வரைந்தன. இன்றைய விண்டோஸ் அதைப் பெயருக்குத்தான் வைத்திருக்கிறது. சிஎன்சி-டிடிரா என்ற ஒரு டிஎல்எல் ஃபைலை (கேம் ஓடும்போது துணைக்கு அழைக்கும் நிரல் அது) கேம் ஃபோல்டரில் போட்டேன். கேம் கேட்பதை வாங்கி, இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது அது. அந்த ஒரே ஃபைலில் எல்லாம் சரியானது.

எல்லாம் என்று சொல்ல முடியாது. இசை வரவில்லை. துப்பாக்கிச் சத்தம் வருகிறது, காலடிச் சத்தம் வருகிறது, பின்னணி இசை மட்டும் இல்லை. சிடியை நான் ஐஎஸ்ஓ என்ற ஒற்றை ஃபைலாகப் பிரதி எடுத்து வைத்திருந்தேன், தப்பு அங்கேதான். அந்தக் காலத்தில் பல கேம்களின் இசை ஃபைலாக இருக்காது. பாட்டு சிடியில் இருப்பது போலவே தனித்தனி ஆடியோ டிராக்காக இருக்கும். ஐஎஸ்ஓ டேட்டா பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு இசையை விட்டுவிடும். டேட்டா, இசை இரண்டையும் எடுக்கும் பின்-க்யூ வடிவத்தில் மறுபடி பிரதி எடுத்து, டிராக்குகளைப் பிரித்து, கேம் சிடியைக் கேட்கும்போது அந்த ஃபைல்களைக் கொடுக்கிற இன்னொரு டிஎல்எல்லை வைத்தேன். இசை வந்தது. மறுநாள் காலை அண்ணனுக்கு போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். "டேய், இது அந்தப் பனி மலை லெவல்தானே?" என்றான். அதற்காகவே இன்னும் நாலு ராத்திரி முழித்திருப்பேன்.

விண்டோஸ் 95க்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக் கேம்களின் கதை வேறு. அங்கே வேகம்தான் பிரச்சினை. பல கேம்கள் ப்ராசஸரின் வேகத்தை நம்பியே எழுதப்பட்டவை. வேகமான கணினியில் எதிரி கண்ணுக்குத் தெரிவதற்குள் நாம் செத்திருப்போம். டர்போ பாஸ்கல் என்ற நிரல் எழுதும் கருவியில் எழுதிய நிரல்கள் பல, 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ப்ராசஸர்கள் வந்ததும் 'ரன்டைம் எரர் 200' என்று திறக்கும்போதே விழுந்தன. நேரத்தை அளக்க நிரல் ஓட்டிப் பார்த்த சுற்று, அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய இடத்தில் விடை அடங்காத அளவு வேகமாக முடிந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம். 2002இல் வந்த, பழைய டாஸ் கணினியாகவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் இந்தத் தலைமுறைக் கேம்களையே காப்பாற்றியது என்பேன். அதில் கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

இங்கே ஒரு வேண்டுகோள். 320க்கு 200 புள்ளிகளில் வரைந்த படத்தை அகலத் திரை முழுக்க இழுத்துப் பார்க்காதீர்கள். அது 4:3 மானிட்டரில் பார்க்க வரைந்தது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரமாக இருக்கும், வரைந்தவர்கள் அதைக் கணக்கில் வைத்தே வரைந்தார்கள். டாஸ்பாக்ஸில் அந்த 4:3 அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் வட்டமான நிலா நசுங்கிப்போகும்.

சரி, இதெல்லாம் தொழில்நுட்பத் தடங்கல், பொறுமை இருந்தால் தாண்டலாம். எனக்குக் கோபம் வருவது, திருட்டுப் பிரதி ஓடாமல் பூட்டும் காப்பி ப்ரொடெக்‌ஷன் மேல். சேஃப்டிஸ்க் போன்றவை விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவரை நட்டு வைத்தன. அந்த டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அந்த முடிவு சரியானதுதான். ஆனால் விற்றவர்களில் பலர் பூட்டைக் கழற்றும் ஒரு பேட்ச் கூடத் தரவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஒருவர், தன் சொந்த சிடியை ஓட்ட, எந்த வைரஸ் இருக்குமோ என்ற பயத்தோடு பூட்டை உடைக்கும் கிராக் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இது அநியாயம்.

கேமின் சோர்ஸ் கோடை, அதாவது அதை எழுதிய மூல நிரலையாவது கொடுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டால், தர முடியாது, அதில் வேறு நிறுவனத்தின் கோடும் கலந்திருக்கிறது என்பார்கள். டூம் கேமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் அதன் கோடை வெளியிட்டபோது இதே சிக்கல் இருந்தது. ஒலிக்கான பகுதி வெளியாருடையது. அதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள், ஆர்வலர்கள் ஒலியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இன்று டூம் ஓடாத கருவியைத் தேடத்தான் வேண்டும். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2020இலும் 2025இலும் கமாண்ட் அண்ட் கான்கர் வரிசையின் சில கேம்களின் கோடை வெளியிட்டது. மனமிருந்தால் பெரிய நிறுவனத்தாலும் முடிகிறது.

அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. ஜிஓஜி என்ற இணையக் கடை 2008இலிருந்து பழைய கேம்களைப் பூட்டில்லாமல், ஓடும் நிலையில் விற்கிறது. அலைய விருப்பமில்லாதவர்கள் முதலில் அங்கே பாருங்கள். ஆனால் உரிமை யாரிடம் என்றே தெரியாத கேமை அவர்களாலும் விற்க முடியாது. ஒரு கேமை விற்பதை நிறுத்திவிட்டால், குறைந்தபட்சம் பூட்டையாவது கழற்றிக் கொடுப்பது கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் அலமாரியில் பழைய சிடி இருந்தால் இந்த வாரமே பிரதி எடுத்துவிடுங்கள், ஐஎஸ்ஓவாக வேண்டாம், பின்-க்யூவாக. ஃப்ளாப்பி இருந்தால் இன்னும் அவசரம். கூடவே வந்த கையேட்டையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். டாஸில் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா முதல் லெவல் முடிந்ததும் ஓர் அறையில் நம்மை நிறுத்தி, கையேட்டில் எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல்லின் முதல் எழுத்து என்று கேட்கும். கையேடு இல்லையென்றால் அந்த அறையோடு ஆட்டம் நின்றுவிடும்.